பாட்டு தெரியும், ராகம்தான் தெரியாது

"இது என்ன ராகம்?" என்ற கேள்வியோடு தொடங்காதீர்கள். பதில் கிடைத்ததும் ஆர்வம் அடங்கிப் போய்விடும். 'ஜனனி ஜனனி' கல்யாணி என்று யாரோ சொல்கிறார், நாமும் தலையாட்டுகிறோம். மறுநாள் வேறொரு கல்யாணி காதில் விழுந்தால் அடையாளம் தெரிவதில்லை. பெயர் ஒன்று கூடியதே தவிர காது இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல்யாண வீட்டு நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ராகப் பெயர்களை அடுக்குகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம்தான். இந்த அத்தியாயத்தில் வழியை மாற்றிக்கொள்வோம். மனப்பாடமாக இருக்கும் சினிமாப் பாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஸ்வரங்கள் ஒன்றோடொன்று எப்படி உறவாடுகின்றன என்பதைக் காதால் பிடிப்போம். பெயர் பிறகு வரட்டும்.

கையில் சரக்கு இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ் சினிமா வாய் திறந்த 1931-லேயே, 'காளிதாஸ்' படத்தில் டி.பி. ராஜலட்சுமி தியாகராஜர் கிருதிகளைப் பாடியிருக்கிறார். பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன், கே.வி. மகாதேவன், எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, ஏ.ஆர். ரகுமான் என்று கைமாறி வந்த மெட்டுகளைக் கேட்டு வளர்ந்த காதில் ஏராளமான ராகங்கள் பெயரில்லாமல் குடியிருக்கின்றன. சினிமாப் பாட்டே கேட்காமல் நேராகக் கச்சேரிக்குப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

முதலில் ஷட்ஜம்

ஸ்வரத்துக்கென்று தனி முகம் இல்லை. ஷட்ஜத்திலிருந்து, அதாவது 'ஸ'-விலிருந்து, எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை வைத்துத்தான் அது ரிஷபமா காந்தாரமா என்று சொல்கிறோம். எனவே ஷட்ஜம் எங்கே என்று தெரியாதவரை மற்றதெல்லாம் குருட்டு ஊகம்தான்.

கைப்பேசியில் தம்புரா செயலி ஒன்றை ஏற்றிக்கொள்ளுங்கள். இலவசமாகவே பல கிடைக்கின்றன. ஒரு பாட்டின் பல்லவியை மட்டும் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு நிறுத்துங்கள். இப்போது தம்புராவை ஒரு கட்டையில் ஓடவிட்டு, அரைக் கட்டை அரைக் கட்டையாக ஏற்றிக்கொண்டே, ஒவ்வொரு கட்டையிலும் பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். தவறான கட்டையில் பாட்டும் தம்புராவும் முட்டிக்கொள்ளும். சரியான கட்டை வந்ததும் பாட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடும். அந்த வேறுபாட்டைக் கேட்க இசை ஞானம் எதுவும் வேண்டாம்.

இரண்டு இடங்களில் தடுமாற்றம் வரும். ஒன்று, ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையில். எல்லாப் பல்லவியும் ஷட்ஜத்தில் முடிவதில்லை. பஞ்சமத்திலோ காந்தாரத்திலோ நின்றுவிட்டு மறுபடி எடுப்புக்குத் திரும்பும் பாட்டுகள் நிறைய உண்டு. சந்தேகமாக இருந்தால் பாட்டின் கடைசி வரி ஓயும் இடத்தைக் கேளுங்கள். கூடவே அடியில் நகரும் பேஸ் கிதார் எங்கே போய் நிற்கிறது என்றும் கவனியுங்கள். இன்னொன்று, பழைய பாட்டுகள். ஒலிநாடாவின் வேகம் சற்றே கூடியோ குறைந்தோ பிரதியாகி, ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவில் எங்கோ நிற்கும். காதைக் குறை சொல்ல வேண்டாம். செயலியில் சுருதியை நூலிழை அளவு நகர்த்தும் வசதி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள்.

இடையிசையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வயலின் கூட்டமும் கிதாரும் ராகத்துக்கு வெளியே தாராளமாகப் போய்வரும். குரலை மட்டும் பின்தொடருங்கள். தொகையறா உள்ள பழைய பாட்டு கிடைத்தால் அதிர்ஷ்டம். தாளம் குறுக்கிடாமல், பாடகர் ராகத்தை நிதானமாக விரித்துக் காட்டும் இடம் அது.

ஒரே படத்தில் மூன்று பாடம்

ஆரம்பப் பாடத்துக்கு ஒரே ஒரு படத்தைச் சொல் என்றால், 1988-இல் வந்த மணிரத்னத்தின் 'அக்னி நட்சத்திரம்' என்பேன். இளையராஜா இசை. அதில் மூன்று பாட்டுகள் மூன்று ஔடவ ராகங்களில், அதாவது ஐந்தே ஸ்வரம் கொண்ட ராகங்களில், அமைந்திருக்கின்றன. ஸ்வரம் குறைவு என்பதால் கேட்கிறவருக்கும் வேலை குறைவு.

சித்ரா பாடிய 'நின்னுக்கோரி வர்ணம்' மோகனம். ராமநாதபுரம் பூச்சி சீனிவாச அய்யங்கார் இயற்றிய மோகன வர்ணத்தின் எடுப்பை அப்படியே பிடித்துக்கொண்டு தொடங்கி, அதன்பின் தன் வழியில் போகிற பாட்டு. கர்நாடக இசை படிக்கிற பிள்ளைகள் ஆரம்ப காலத்திலேயே பாடம் பண்ணுகிற வர்ணம் அது. ஸ, ரி, க, ப, த, அவ்வளவுதான். மத்யமமும் நிஷாதமும் இல்லை. இந்த ஐந்தில் எந்த இரண்டு ஸ்வரங்களுக்கும் இடையே அரை ஸ்வர நெருக்கம் கிடையாது. எதிலிருந்து எதற்குத் தாவினாலும் இடறாது. எழுத்துக்கூட்டிப் பாடும் குழந்தைகூட மோகனத்தில் அபஸ்வரம் இல்லாமல் தப்பித்துவிடும்.

அடுத்து, யேசுதாஸும் சித்ராவும் பாடிய 'வா வா அன்பே அன்பே'. சிவரஞ்சனி. இதிலும் ஸ, ரி, க, ப, த தான். மோகனத்துக்கும் இதற்கும் ஒரே வேறுபாடு காந்தாரம். மோகனத்தில் அந்தர காந்தாரம். இங்கே அதற்கு அரை ஸ்வரம் கீழே உள்ள சாதாரண காந்தாரம். இரண்டு பல்லவிகளையும் அடுத்தடுத்து, ஒரே சுருதியில், நீங்களே முணுமுணுத்துப் பாருங்கள். குரல் வளம் இல்லை என்று நழுவ வேண்டாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு ஸ்வரம் அரைப்படி இறங்கியதும் பாட்டின் நிறமே மாறுவது தொண்டையிலேயே தெரியும். அந்த ஒரு காந்தாரத்தைக் காது பிடித்துவிட்டால் இந்த அத்தியாயத்தின் பாதி முடிந்த மாதிரி.

இங்கே ஒரு நம்பிக்கையையும் கழற்றி வைத்துவிடலாம். சிவரஞ்சனி என்றால் சோகம் என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்தப் பாட்டோ கொஞ்சலான காதல் பாட்டு. காலப்பிரமாணம், தாளக்கட்டு, வாத்தியம், குரலின் பாவம் எல்லாம் சேர்ந்துதான் உணர்ச்சியைத் தீர்மானிக்கின்றன. ராகம் ஒரு சாய்வைத் தரும். முடிவு இசையமைப்பாளர் கையில். 'இந்த ராகம் இந்த உணர்ச்சி' என்று கட்டம் போட்ட அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

மூன்றாவது, யேசுதாஸும் எஸ். ஜானகியும் பாடிய 'தூங்காத விழிகள் ரெண்டு'. அமிர்தவர்ஷிணி. ஸ, க, ம, ப, நி. ரிஷபமும் தைவதமும் இல்லை. மத்யமம் இங்கே பிரதி மத்யமம்; பஞ்சமத்தின் காலடியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. காகலி நிஷாதம் அதே போல மேல் ஷட்ஜத்தை ஒட்டி நிற்கிறது. இரண்டு இடங்களில் இப்படி நெருக்கம், மற்ற இடங்களில் பெரிய தாவல். மோகனத்தில் இல்லாத ஓர் இழுப்பு இதில் இருப்பதற்குக் காரணம் அதுதான். மத்யமம் வரும்போதெல்லாம் பஞ்சமத்துக்குப் போய்ச் சேரவேண்டும் என்று காது பரபரக்கிறதா என்று கவனியுங்கள். தீட்சிதர் எட்டயபுரத்தில் இந்த ராகத்தைப் பாடி மழை வரவழைத்தார் என்ற கதையும் உடன் வரும். கதையை ரசிக்கலாம், மத்யமத்தைக் கோட்டை விடாதீர்கள்.

கறுப்புக் கட்டைகள்

ஷட்ஜத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தேன் என்பதைக் கீபோர்டில் பார்த்துவிடலாம். கைப்பேசிச் செயலியே போதும். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று மாறி மாறிக் கூட்டமாக வரும். மூன்று கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டையை ஷட்ஜமாக வைத்து, கறுப்பை மட்டும் அழுத்திக்கொண்டே மேலே போங்கள். மோகனம். இப்போது அதே கூட்டத்தின் மூன்றாவது கட்டையில் தொடங்குங்கள். ஒரு புதுக் கட்டைகூடச் சேரவில்லை. ஆனால் வருவது ஹிந்தோளம். 'சலங்கை ஒலி' படத்தின் 'ஓம் நமசிவாய' எந்த ராகமோ அது. நடுக் கட்டையில் தொடங்கினால் மத்யமாவதி, இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதலாவதில் சுத்த சாவேரி, இரண்டாவதில் சுத்த தன்யாசி. இதற்குக் கிரக பேதம் என்று பெயர். தம்புரா ஓடிக்கொண்டிருக்கட்டும், கட்டைக்கு ஏற்றபடி அதன் சுருதியையும் மாற்றினால்தான் வித்தை பலிக்கும். ஷட்ஜத்தைத் தவறாகப் பிடித்தவர் மோகனத்தை ஹிந்தோளம் என்று சத்தியம் செய்வதும் இதனால்தான்.

ஸ்வரம் மட்டும் போதாது

இதுவரை சொன்னது கணக்கு. ஐந்து ஸ்வரம், ஏழு ஸ்வரம் என்று எண்ணி முடித்ததும் ராகம் கையில் வந்துவிட்டது என்று நினைத்தால், அடுத்த தெருவிலேயே ரீதிகௌளை காத்துக்கொண்டிருக்கிறது.

'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக்கண்ணன் அழைக்கிறான்' பாட்டைக் கேளுங்கள். 1977, இளையராஜா. பிறகு 'முதல்வன்' படத்தின் 'அழகான ராட்சசியே'. 1999, ரகுமான். பிறகு 'சுப்ரமணியபுரம்' படத்தின் 'கண்கள் இரண்டால்'. 2008, ஜேம்ஸ் வசந்தன். மூன்றும் ரீதிகௌளை. முதலாவது கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. இரண்டாவது குத்து நடையில் துள்ளுகிறது. மூன்றாவது மதுரைத் தெருவில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் இருவரின் பாட்டு. மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகும் ஒற்றுமை பிடிபடவில்லை என்றால் கவலைப்பட வேண்டாம். எங்கே கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.

இந்த ராகத்தின் ஸ்வரங்களை வரிசையாக எழுதினால் கிட்டத்தட்ட கரகரப்பிரியா மாதிரி இருக்கும். அப்படி வரிசையாகப் பாடினால் ரீதிகௌளை செத்துப்போகும். இது நேராக ஏறுகிற ராகமே அல்ல. ஸ-விலிருந்து க-வுக்குப் போய், ரி-க்குத் திரும்பி, மறுபடி க, ம என்று ஏறும். மேலே போகும்போது 'நி த ம' என்று ஒரு முறை சறுக்கிவிட்டு 'நி நி ஸ' என்று நிஷாதத்தை இரட்டையாக அழுத்தி ஏறும். இறங்கும்போது ம-விலிருந்து க-வுக்கு வந்தது அப்படியே கீழே போகாமல் 'க ம ப ம க ரி ஸ' என்று பஞ்சமத்தை எட்டிப் பார்த்துவிட்டு வரும். இந்தக் கோணல் நடைக்கு வக்ரம் என்று பெயர். ஒரு ராகத்தை இரண்டே விநாடியில் காட்டிக்கொடுக்கும் இப்படிப்பட்ட துணுக்குகளைப் பாடகர்கள் 'பிடி' என்பார்கள். ராகம் தெரிந்தவர் ஸ்வரங்களை எண்ணிக்கொண்டிருப்பதில்லை; பிடி காதில் பட்டதும் நிமிர்ந்து உட்காருகிறார்.

மூன்று பாட்டுகளிலும் இந்த இரட்டை நிஷாதத்தையும், இறங்குமுன் பஞ்சமத்தைத் தொடும் வளைவையும் மட்டும் தேடுங்கள். ஒன்றில் அகப்பட்டதும் மற்ற இரண்டிலும் தானாக வந்து நிற்கும். அதற்கப்புறம் சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னு வினா' கேளுங்கள், யார் பாடியதானாலும் சரி. சாகித்யம் தெலுங்கு, வேகம் மந்தம், ஆனாலும் ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருக்கும். தப்பாக ஆனந்தபைரவி என்று தோன்றினால்கூட வெட்கப்படாதீர்கள். பழகிய காதுகளே சில விநாடி தயங்கும் ஜோடி அது.

ராகம் எவ்வளவு தூரம் வருகிறது

எல்லாப் பாட்டும் ராகத்துக்கு ஒரே அளவு விசுவாசமாக இருப்பதில்லை. 'தில்லானா மோகனாம்பாள்' படத்தின் 'மறைந்திருந்து பார்க்கும்' போன்ற பாட்டு ராகத்தின் வீட்டுக்குள்ளேயே வாழ்கிறது. சண்முகப்பிரியா எப்படி இருக்கும் என்று கேட்டால் அதையே பாடிக் காட்டலாம். இன்னொரு புறம், ராகத்தின் ஸ்வரங்களை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, கமகம் எதுவும் இல்லாமல், அதாவது ஸ்வரங்களை அசைக்காமல், நேர்க்கோட்டில் போகும் பாட்டுகள் இருக்கின்றன. அவற்றைக் கல்யாணி என்பதைவிடக் கல்யாணியின் ஸ்வரங்களில் போட்ட மெட்டு என்பது பொருத்தம். தோடி, பைரவி, காம்போஜி போன்ற ராகங்கள் சினிமாவில் அதிகம் தலைகாட்டாததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். அவை கமகத்திலேயே உயிர் வைத்திருப்பவை. நாலு நிமிடத்துக்குள், பின்னால் கார்டு வாசிக்கும் கிதாரோடு, அவற்றுக்கு மூச்சு முட்டும்.

ராகத்தைக் கதைக்குள் வைத்து விளையாடியவர்களும் உண்டு. 'அபூர்வ ராகங்கள்' படத்தில் விஸ்வநாதன் இசையில் யேசுதாஸ் பாடிய 'அதிசய ராகம்' நாலே ஸ்வரம் கொண்ட மகதியில் தொடங்குகிறது. ஸ, க, ப, நி. பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய ராகம். கிதார்காரரிடம் இந்த நாலு ஸ்வரத்தையும் சேர்த்துக் கொடுத்தால் செவன்த் கார்டு என்று அசட்டையாகச் சொல்லிவிடுவார். அதற்குள்ளிருந்து ஒரு முழு மெட்டை எடுத்திருக்கிறார்கள். பாட்டு முடியும் தறுவாயில் பைரவிக்கு மாறுகிறது. கதாநாயகியின் பெயரும் பைரவி. 1975-இல் தியேட்டரில் உட்கார்ந்து கேட்டவர்களில் ராகம் தெரிந்தவருக்கு ஒரு கண்சிமிட்டல், தெரியாதவருக்கும் நஷ்டமில்லை.

'சிந்து பைரவி' இன்னும் ஒரு படி மேலே. 1985. 'கலைவாணியே' பாட்டைக் கல்யாணியின் ஆரோகணத்தை மட்டும் வைத்து மெட்டமைத்திருக்கிறார் இளையராஜா. அவரோகணமே கிடையாது. ஒவ்வொரு அடியும் ஏறுகிறது, பிறகு இறங்கி வராமல் கீழிருந்து மறுபடி எடுக்கிறது. சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்த 'பாடறியேன் படிப்பறியேன்' பாட்டில், நாட்டுப்புற மெட்டு ஒன்று மெல்ல நகர்ந்து தியாகராஜரின் 'மரி மரி நின்னே' கிருதிக்குள் போய்ச் சேருகிறது. அந்தக் கிருதி காம்போஜியில் பாடப்படுவது. படத்திலோ சாரமதியில் வருகிறது, ஏனென்றால் நாட்டுப்புறப் பகுதியும் அதே சாரமதிதான். கிருதியின் ராகத்தை மாற்றலாமா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. கதையில் இதைப் பாடும் பெண் சொல்லவருவதே இரண்டுக்கும் நடுவில் சுவர் இல்லை என்பதுதான். காம்போஜியில் வைத்திருந்தால் சுவர் இருந்திருக்கும். என் ஓட்டு சாரமதிக்கு.

அந்நிய ஸ்வரத்தைக் கண்டதும் பிழை கண்டுபிடித்துவிட்டோம் என்று குதிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். ராகத்தில் இல்லாத ஒரு ஸ்வரம் சரணத்தில் வந்தால், எந்தச் சொல்லின்மேல் வருகிறது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் இசையமைப்பாளருக்கு அது பிடித்திருந்தது. அதுவும் போதுமான காரணம்.

பாட்டிலேயே ஸ்வரம் பாடினால் உங்கள் விடையைச் சரிபார்க்கலாம். 'கொஞ்சும் சலங்கை' படத்தின் 'சிங்கார வேலனே தேவா' இதற்கு நல்ல பாடம். காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஜானகியின் குரலும் மாறி மாறிப் போகும்போது ஆபேரியின் ஒவ்வொரு பிடியும் இரண்டு முறை, இரண்டு நாதத்தில், காதில் விழுகிறது. ஸ்வரம் பாடும் பகுதியை நிறுத்தி நிறுத்திக் கூடவே பாடுங்கள். ஆபேரியா கர்நாடக தேவகாந்தாரியா என்று யாராவது சண்டைக்கு வந்தால் விலகிக்கொள்ளுங்கள். வித்வான்களே தீர்த்துக்கொள்ளாத வழக்கு.

கச்சேரிப் பக்கம்

மோகனம் பிடிபட்டதும் தியாகராஜரின் 'நனு பாலிம்ப', அமிர்தவர்ஷிணி பிடிபட்டதும் முத்தையா பாகவதரின் 'சுதாமயி', ஹிந்தோளத்துக்கு 'சாமஜவரகமனா'. நளினகாந்தி வேண்டுமா? 'கலைஞன்' படத்தின் 'எந்தன் நெஞ்சில் நீங்காத' பாட்டை இரண்டு முறை கேட்டுவிட்டு 'மனவ்யாலகிம்' போடுங்கள். கிருதி மட்டும் கேட்டால் போதாது. அதற்கு முன் வரும் ஆலாபனையோடு கேளுங்கள். சொல்லும் தாளமும் இல்லாத இடத்தில்தான் பிடிகள் பளிச்சென்று தெரியும்.

மார்கழியில் சென்னையில் இருந்தால் மதியக் கச்சேரிகளுக்குப் போகலாம். பல சபாக்களில் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது, இளம் பாடகர்கள் பாடுவார்கள், கூட்டமும் இருக்காது. ஆலாபனை தொடங்கியதும் பெயரைத் தேடாதீர்கள். இதே நடையில் போகும் சினிமாப் பாட்டு எது என்று உள்ளுக்குள் முணுமுணுத்துப் பாருங்கள். பல்லவி தானாக வந்து பொருந்தினால் பாதி அடையாளம் கிடைத்துவிட்டது. பிறகு கிருதியை எடுத்ததும் அதன் முதல் வரியைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ராகத்தைப் பாருங்கள். நீங்கள் முணுமுணுத்த பாட்டும் அதே ராகமா என்று சரிபார்த்து, ஆம் என்றால் அந்தப் பாட்டின் பெயரையும் கிருதியின் பெயரையும் ஒரே வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றாலும் எழுதிவையுங்கள். எந்த இரண்டு ராகங்களை உங்கள் காது குழப்பிக்கொள்கிறது என்பது அதிலிருந்துதான் தெரியவரும். அடுத்த அத்தியாயத்தில் அப்படிக் குழப்பும் ஜோடிகளைத்தான் எடுத்துக்கொள்ளப் போகிறோம். அந்தக் குறிப்பு நோட்டு அப்போது தேவைப்படும்.